ஏழாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

எங்கள் அடுக்குமாடி புளோக் ஃபேரர் பார்க்கில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, நான்தான் அங்கே இல்லை. அந்தக் காலத்துப் புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுடையது ஒன்று, ஐந்து, ஒன்பது என மூன்றே இடத்தில் நிற்கும். நாங்கள் இருந்தது ஏழில். ஐந்தில் இறங்கினால் இரண்டு மாடி ஏற வேண்டும், ஒன்பதில் இறங்கினால் இரண்டு மாடி இறங்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு வீட்டை அப்பா எப்படித்தான் தேடிப் பிடித்தாரோ. "உடம்புக்கு நல்லதுடா" என்பார், அரிசி மூட்டையை என் தோளில் ஏற்றிவிட்டு.

படி ஏறி என் உடம்பு தேறியதாகத் தெரியவில்லை. பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தேன். எனக்கு முன்னால் வந்தவனுக்குக் காலில் சுளுக்கு.

ஐந்தாம் மாடியில், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே ஒரு மலாய்க்கார அம்மாவின் வீடு. அவரை எல்லோரும் மக்சிக் என்போம். மலாயில் அது அத்தை மாதிரி. வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார். மேலே ஏற வேண்டியவர்கள் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அது. தேக்கா சந்தையிலிருந்து வரும் அம்மா அதில் உட்கார்ந்தால் முருங்கைக்காய் வாடும்வரை எழுந்திருக்க மாட்டார். மக்சிக்குக்குத் தமிழ் வராது. அம்மாவின் மலாய் மீன் வாங்கும் அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் பேசினார்களோ! நான் லிஃப்டைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் மக்சிக் சிரித்ததைப் பார்த்தால், பேச்சு பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

கல்யாணமானதும் எனக்கு உட்லண்ட்ஸில் வீடு கிடைத்தது. அதே தீவுதான். ரயிலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும். ஆனாலும் வழியனுப்ப வந்த மாமா, "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியாடா? கொஞ்சம் கண் அசந்தா எல்லை தாண்டி ஜொகூர்ல இருப்பே" என்றார். அம்மா நான் ஏதோ பாலைவனத்துக்குப் போவதுபோல் மிளகாய்த்தூள், ஊறுகாய், ஒரு கட்டு கறிவேப்பிலை என்று கட்டினார்.

"அங்கேயும் கடை இருக்கும்மா."

"இருக்கும். கறிவேப்பிலைய சும்மா தருவானா?"

அப்பா போன பிறகு அம்மா தனியானார். பிறகு முழங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ராஜினாமா செய்தன. இனிப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒன்பதுல இறங்கி மெதுவா கீழ வரலாமேம்மா" என்றேன்.

"இறங்குறதும் வலிதான். அதோட ஒன்பதுல யாரு இருக்கா?"

"அப்போ உட்லண்ட்ஸ் வந்துடுங்க."

"அங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்!"

"அதான் சொல்றேன்."

அப்படி இருக்கும்போதுதான், எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றலாமா என்று புளோக்கில் ஓட்டு வைத்தார்கள். ஓட்டுத் தேறினால் அம்மா அந்த வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் என் வீட்டுக்கு வந்து, அழாமல் அழுதுகொண்டிருக்க வேண்டும். ஐந்தாம் மாடிக்காரர்களுக்கு ஏற்கெனவே லிஃப்ட் நிற்கிறது. அவர்கள் எதற்காக ஓட்டுப் போட வேண்டும்? மக்சிக் சொன்னால் அந்த மாடியே கேட்கும். ஆகவே நான் மலாயில் ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டு போய் நின்றேன்.

"டுடோக், டுடோக்" என்று அதே நாற்காலியில் உட்கார வைத்தார். என் உரையின் இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு கறிபஃப்பைக் கையில் திணித்தார். நான் பேசிய மலாயை நிறுத்த அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

பிறகு மெதுவாக, எனக்குப் புரியும் மலாயில் சொன்னார். "ஓட்டுப் போடுறேன். இந்த மாடியில எல்லாரையும் போடவும் சொல்றேன். ஆனா உங்க அம்மா அப்புறம் நேரா மேல போயிடுவா. நான் யார்கிட்ட பேசுறது?"

இவ்வளவு காலம் அந்த நாற்காலியை அம்மாவின் முழங்காலுக்கான ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். வாயில் கறிபஃப் வேறு. "நான் வந்து பேசுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். மக்சிக் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஓட்டுத் தேறியது. மாதக்கணக்கில் இடி, தூசி. அதன் பிறகு ஒருநாள் எல்லா மாடிக்கும் பொத்தான் வைத்த புது லிஃப்ட். முதல் பயணத்துக்கு அம்மா பட்டுப்புடவை கட்டி, என் தோளைப் பிடித்து மெல்லப் படியிறங்கிக் கீழே வந்து நின்றார். நான் ஒரு மந்திரி போல ஏழை அழுத்தினேன். அம்மா கையை நீட்டி ஐந்தை அழுத்தினார்.

"ஏம்மா, இதுக்கா நான் வீடு வீடா அலைஞ்சேன்? அதான் ஏழு இருக்கே!"

"இருக்கட்டும் லா. அது எங்க ஓடிடப் போகுது?"

கதவு திறந்தது. எதிரே பச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு நாற்காலி. அதில் மக்சிக்கும் பட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

உட்லண்ட்ஸில் என் லிஃப்ட் என் வாசலிலேயே நிற்கிறது. எதிர்வீட்டுக்காரரை எனக்குச் செருப்பால்தான் தெரியும். அவருடையது பழுப்பு, அளவு பெரிது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். ஏழில் வீடு பூட்டியிருந்தது. பதறவில்லை. ஐந்துக்கு இறங்கினேன். இருவருமே இருந்தார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. உட்கார மூன்றாவது நாற்காலி இல்லை.

அம்மா சாவியை நீட்டினார். "மேல போயி ஒரு சேர் எடுத்துட்டு வா. படியில போடா. லிஃப்ட் வர லேட்டாகும்."