சொந்தப் பேரில் போட்ட ஊசி

மருந்து அலமாரிச் சாவி எங்கே என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. ஒரு கை அந்தப் பெண்ணின் அடிவயிற்றை அமுக்கிப் பிசைந்துகொண்டிருந்தது. இன்னொரு கையைப் பின்னால் நீட்டினார். மணிக்கட்டு வரை ரத்தம். அந்தக் கையில் சாவியை வைப்பதா வேண்டாமா என்று நான் யோசித்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் யோசித்தேன். ஒருத்தி என் கண் முன்னால் ரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருக்க, நான் விதியை நினைத்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன வாரம் பத்திரிகையில் ஒரு விவாதம் போட்டிருந்தார்கள். டாக்டர் இல்லாத இடத்தில் நர்ஸ் தானாகவே நோயாளியைப் பார்த்து மருந்து கொடுக்கலாமா, கூடாதா என்று. கூடாது என்றவர்கள் நிறையப் பேசியிருந்தார்கள். ஏதோ நேற்று முளைத்த கேள்வி மாதிரிப் பேசியிருந்தார்கள். எனக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. நாற்பது வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கம்பவுண்டராக மருந்து கலக்கியவன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மேஜையின் முன்னால் நின்று பதில் சொன்னவர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோரும் அவரை நர்ஸம்மா என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி, கடலையும் வரகும் விளையும் மானாவாரிக் காட்டுக்கு நடுவில் எங்கள் தர்மாஸ்பத்திரி இருந்தது. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவுக்குள் இருந்தது. மேலதிகாரி என்றால் திருச்சியிலிருந்து ஜீப்பில் வர வேண்டும். எங்களிடம் ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா, நான், கூட்டித் துடைக்க ஓர் அம்மாள். டாக்டருக்கு இரண்டு ஆஸ்பத்திரிகள் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் அவர் இன்னொரு ஊருக்குப் போய்விடுவார். நோய் அந்த இரண்டு நாளும் லீவு எடுத்துக்கொள்ளுமா?

ஊசி மருந்தெல்லாம் பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி என் இடுப்புக் கயிற்றில். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அலமாரியைத் திறக்கக் கூடாது. இது விதி. இந்த விதியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு நாளை எப்படி ஓட்டுவது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை, எனக்கு முந்தின கம்பவுண்டர் காலத்திலேயே இருந்த வழி. திங்கள்கிழமையும் வியாழக்கிழமையும் சாயங்காலம் டாக்டர் வெறும் சீட்டுகளின் அடியில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு என் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் நர்ஸம்மா நோயாளியைப் பார்ப்பார். நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, வயிற்றைத் தட்டி, இன்ன மருந்து என்று சொல்வார். நான் அதைக் கையெழுத்துக்கு மேலே எழுதிச் சீட்டைக் கம்பியில் குத்திவிடுவேன். யாராவது கேட்டால், டாக்டர் காலையில் போகிற வழியில் எட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். யாரும் கேட்டதில்லை.

நர்ஸம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. பொன்னமராவதிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மதுரையில் தங்கி முறையாகப் படித்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"ஏங்க கம்பவுண்டரே, இந்த ஆளோட வயித்த அமுக்கிப் பாத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப எம் பேர எழுதுங்க."

"ஒங்க பேரு செல்லாதுங்க நர்ஸம்மா."

"எம் மூளை செல்லுது, எங் கை செல்லுது, பேரு மட்டும் செல்லாதாக்கும்."

நான் சிரித்தேன். அது வேடிக்கையான பேச்சு என்று நினைத்தேன். இருபத்து மூன்று வயது முட்டாள் வேறென்ன நினைப்பான்?

அந்தச் செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் ஒரு மாட்டு வண்டி வந்தது. கடலை பிடுங்குகிற சமயம். வீட்டிலேயே பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. வண்டியில் விரித்திருந்த வைக்கோல் நனைந்து கீழே சொட்டியது. கூட வந்தவர்கள் புருஷனும் மாமியாரும். டாக்டர் இல்லை என்றதும் மாமியார் மகனைப் பார்த்து, "வண்டியத் திருப்புடா, கீரனூருக்குப் போயிருவோம். இங்கிட்டு நர்சுதான் இருக்காளாம்" என்றாள்.

நர்ஸம்மா வண்டிக்குள் ஏறி அந்தப் பெண்ணின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "கீரனூரு போய்ச் சேரும்போது வண்டியில ஒடம்புதான் இருக்கும் ஆத்தா. உசுரோட வேணும்னா இப்பவே எறக்குங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. மகன் தாயைப் பார்க்காமல் மனைவியைத் தூக்கினான்.

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினோம். டாக்டர் இல்லாத நாட்களில் ஊசிக் குழாயை நர்ஸம்மா காலையிலேயே கொதிக்க வைத்துத் தயாராக வைத்திருப்பார். மருந்து மட்டும்தான் என் அலமாரிக்குள் இருந்தது. அப்போதுதான் அந்தக் கை பின்னால் நீண்டது. நான் யோசித்தேன். பிறகு சாவியைக் கொடுக்காமல் நானே போய் அலமாரியைத் திறந்து, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற மருந்துக் குப்பியை எடுத்து, கழுத்தை உடைத்துக் கொடுத்தேன். ஊசி போட்ட பிறகும் அவர் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. "கெட்டியாயிருச்சு" என்றார். அவ்வளவுதான். ரத்தம் நின்றது.

நாலாம் நாள் அந்தப் பெண் பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். மாமியார் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நர்சுதானேன்னு நெனச்சேன் தம்பி. நாட்டாமையால்ல இருக்கா."

ஊசி போட்ட அன்றைக்கே சீட்டு எழுத உட்கார்ந்தேன். இழுப்பறையைத் திறந்தேன். நர்ஸம்மா கை கழுவிவிட்டு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நோயாளியின் பெயர், வந்த நேரம், நிலைமை, கொடுத்த மருந்து, அளவு, எல்லாம் எழுதினார். அடியில் தன் பெயரை முழுசாக எழுதினார். அதைக் கம்பியில் அவரே குத்தினார்.

"வம்ப வெல கொடுத்து வாங்குறீங்க" என்றேன்.

"நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா, எதுக்கு என்ன மருந்து போட்டேன்னு சொல்ல வேண்டியது நானு. பாக்காத மனுஷன் என்னத்தச் சொல்லுவாரு?"

இதைத்தான் அந்தப் பத்திரிகையில் பேசியவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன். அவர் அதிகாரம் கேட்கவில்லை. பொறுப்பைக் கேட்டார். வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் பெயரை மட்டும் நாங்கள் பூட்டி வைத்திருந்தோம். மருந்தைவிட அதைத்தான் பத்திரமாகப் பூட்டியிருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து மருந்து இருப்பைச் சரிபார்க்க வந்த குமாஸ்தா அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஊசி போட்டதாகத் திருச்சிக்கு எழுதினார். திருச்சியிலிருந்து மெமோ வந்தது. இன்ன தேதியில் ஜில்லா மெடிக்கல் ஆபீசர் நேரில் விசாரிப்பார், நர்ஸை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று. டாக்டர் அதைப் படித்துவிட்டு வெளுத்துப் போனார். கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஒரு வெறுஞ்சீட்டுல எழுதியிருக்கக் கூடாதாம்மா" என்று நர்ஸம்மாவிடம் புலம்பினார். அந்த வேலை போனால் நர்ஸம்மா பிறந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். பெண் வேலைக்குப் போனதை மன்னிக்காத வீடு அது.

நான் அவரைக் காப்பாற்றக் கிளம்பினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. விசாரணைக்கு முந்தின நாள் இழுப்பறையிலிருந்து டாக்டர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை எடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயரையும் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியையும் ஊசி மருந்தையும் எழுதினேன். சீட்டு பழசாகத் தெரிய டீத் தண்ணீரை லேசாகத் தொட்டு வைத்தேன். நர்ஸம்மாவின் தாளைக் கழற்றிவிட்டு இதைக் குத்த நினைத்தேன். ஆனால் குமாஸ்தா அந்தத் தாளைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறாரே, அது காணாமல் போனால் சந்தேகம் வருமே என்று இரண்டையும் சேர்த்துக் குத்தினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஆபீசர் காலையிலேயே வந்துவிட்டார். பெரிய உருவம், சின்னக் குரல். மேஜைமேல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

"டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கே. அப்ப ஏம்மா நீங்க தனியா ஒண்ணு எழுதுனீங்க?"

நர்ஸம்மாவுக்கு அப்போதுதான் அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்ததற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

ஆபீசர் சீட்டின் தேதியை மறுபடி பார்த்தார். "அந்த செவ்வாக்கெழம டாக்டர் திருச்சியில மீட்டிங்ல எனக்கு எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தாரு. முந்தின நாளே வந்துட்டாரு. உப்புமா நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. இங்க வந்து எப்ப எழுதுனாரு?"

அந்த வாரம் டாக்டர் பக்கத்து ஊருக்குப் போகாமல் திருச்சிக்குப் போனதையே நான் மறந்திருந்தேன்.

நர்ஸம்மாதான் பேசினார். "அந்தச் சீட்டு பொய்யிங்க சார். கம்பவுண்டரு என் மேல பாவப்பட்டு எழுதிட்டாரு போலருக்கு. என்னோட தாளுதான் நெசம். ஊசிய நாந்தான் போட்டேன். யாரையும் கேக்கல. கேக்க ஆள் இல்ல."

"கையெழுத்து டாக்டரோடதாச்சே. அது எங்கருந்து வந்துச்சு?"

நர்ஸம்மா வாயைத் திறக்கவில்லை. டாக்டரைக் காட்டிக் கொடுத்தால் தப்பித்துவிடலாம். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் இழுப்பறையை முழுசாக உருவி எடுத்து மேஜைமேல் வைத்தேன். உள்ளே கையெழுத்து மட்டும் போட்ட சீட்டுகள் அடுக்காக இருந்தன. ஆபீசர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். டாக்டர் தரையைப் பார்த்தார். பிறகு, அவரை இதற்காக நான் மதிக்கிறேன், தலையை நிமிர்த்திச் சொன்னார்: "நான் இல்லாத நாள்ல எல்லாத்தையும் பாக்குறது அவங்கதான் சார். ரெண்டு வருஷமா அவங்கதான். எம் பேர்ல நடக்குது. ஒரு கேஸ்கூடத் தப்பா போனதில்ல."

ஆபீசர் சீட்டுகளை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். கடைசியில், எனக்கு இடமாற்றம், டாக்டருக்கு எச்சரிக்கை, வெறுஞ்சீட்டெல்லாம் உடனே கிழிக்க வேண்டும் என்றார். நர்ஸம்மாவிடம், "ஒங்கள வேலைய விட்டு எடுக்கலம்மா. உசுரக் காப்பாத்தியிருக்கீங்க. ஆனா இனிமே டாக்டர் இல்லாம ஊசி கூடாது" என்றார்.

அவருக்கு அது போதும் என்று நான் நினைத்தேன். வேலை தப்பியது. நானாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே ஓடியிருப்பேன். அவர் அசையவில்லை.

"அத எழுதிக் குடுங்க சார்."

"எத?"

"ரத்தம் போற பொம்பளைக்கு, டாக்டர் இல்லன்னா, மருந்து அலமாரியில இருந்தாலும் நர்ஸ் போடக் கூடாதுன்னு ஒங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாசல்ல ஒட்டிர்றேன். வண்டியில வர்ற சனம் படிச்சுட்டு, எறக்குறதா திருப்புறதான்னு அதுகளே முடிவு பண்ணிக்கிரட்டும்."

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். ஆபீசர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பேனா தாளின் மேல் நின்றது. எழுத வரவில்லை. வாயால் சொன்னதைக் கையால் எழுத அந்த மனிதரால் முடியவில்லை. முடியாமல் போனது அவருடைய பெருமை என்றுதான் சொல்வேன். இப்போது பேசுகிறவர்களையும் ஒருதடவை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் வேறொன்று எழுதினார். பிரசவ ரத்தப்போக்கு, பிரசவ வலிப்பு, பிரசவக் காய்ச்சல் இந்த மூன்றிலும் டாக்டர் இல்லாதபோது நர்ஸ் தன் முடிவின்படி மருந்து கொடுக்கலாம், தன் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும், அலமாரிக்கு இன்னொரு சாவி நர்ஸிடம் இருக்க வேண்டும். நாலு வரி. நர்ஸம்மா அதை வாங்கிப் படித்தார். "பேதியும் சேத்துக்கங்க சார். பிள்ளைகள்ளாம் அதுலதான் போகுது" என்றார். ஆபீசர் சேர்த்து எழுதினார்.

அந்தத் தாள் எங்கள் ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். நான் போகிற இடத்துக்கு அது செல்லாது. நான் மூட்டை கட்டும்போது நர்ஸம்மா வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்காகப் பொய் எழுதுனீங்க. நான் கேட்ட அன்னைக்கே எம் பேர எழுதியிருந்தா அது உதவி" என்றார். பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை. அங்கேயே பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன்.

என்னை மணமேல்குடிப் பக்கம் தூக்கிப் போட்டிருந்தார்கள். கடற்கரை ஆஸ்பத்திரி. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். அங்கே ஒரு மருத்துவச்சி அம்மாள் வேலை பார்த்தார், ஐம்பது வயதிருக்கும். முதல் வாரத்திலேயே, டாக்டர் இல்லாத ஒரு மத்தியானம், கால் சீழ் பிடித்து வந்த ஒரு மீனவப் பெண்ணுக்குப் புண்ணைக் கீறிக் கழுவிக் கட்டிவிட்டு, பழக்கப்படி என்னைப் பார்த்தார். நான் எழுத வேண்டும், அவர் போக வேண்டும். நான் பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.

"நீங்க எழுதுங்க. ஒங்க பேரப் போட்டு."

அவர் பேனாவை வாங்கவில்லை. "எனக்கு எதுக்குத் தம்பி வம்பு? எம் பேரு எங்கிட்டும் வராதே" என்றார்.

"புண்ணப் பாத்தது நீங்க. நாளைக்கு அவ வந்து கேட்டா நாந் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுக்காரரு பேரும் போடணுமா?"

"வேண்டாம்" என்றேன். "ஒங்க பேரு போதும்."