கூரை போட்ட பாலத்தைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

இண்டைக்கு ஒரு பாலத்துக்கு முன்னால சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிண்டன்!

(சிரிக்காதேங்கோ. முழுக்க வாசியுங்கோ.)

எங்கட மூத்தவள் கௌரி கலியாணம் கட்டிப் போய் இருக்கிறது அமெரிக்காவில, வெர்மொண்ட் எண்ட இடத்தில.

அங்க ஆத்துக்கு மேல மரத்தால பாலம் கட்டி, அதுக்கு வீடு மாதிரிக் கூரையும் போட்டு, ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு வைச்சிருக்கினம். எல்லாம் பழங்காலத்துப் பாலங்கள். மழையிலயும் பனியிலயும் மரம் உக்கிப் போகாமல் இருக்கத்தானாம் கூரை.

லீவு நாளில அவளும் மருமகனும் மண் ரோட்டு வழிய கார் ஓடி, ஒவ்வொண்டாத் தேடிப் போய் எனக்குப் போட்டோ அனுப்புவினம்.

"அம்மா, நீங்கள் வந்தால் எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன்."

இப்ப அவள் பிள்ளைத்தாச்சி. தலைப்பிள்ளை. தாய் பக்கத்தில நிக்க வேணும்தானே?

ஆனால் இவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணியைக்கூட நான்தான் கணக்குப் பாத்து அளந்து குடுக்கிறது. கறிக்கு உப்புப் பாக்கிறதும் நான். விட்டிட்டு எப்பிடிப் போறது?

"பாப்பம் பிள்ளை, பாப்பம்" எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போகுது. போனை வைச்சிட்டு நான் சாமியறையில நிண்டு அழுறது பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரியும்.

(இப்ப உங்களுக்கும்.)

நேற்று இன்னொரு பாலம் அனுப்பினாள். சிவப்புக் கலர். அதின்ர வாசலில வயித்தோட அவள் நிக்கிறாள்.

நான் அந்தப் போட்டோவைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்துக்கொண்டிருக்க, இவர் கேட்டார்:

"நாங்கள் இருக்கிற இந்த இங்கிலீசுக்காரற்ற நாட்டில அப்பிடி ஒண்டும் இல்லையோ?"

தேடினன். சசெக்ஸ் பக்கம், ஒரு பழைய மில்லுக்குக் கிட்ட, கூரை போட்ட நடைபாலம் ஒண்டு இருக்காம்!

புட்டைக் கட்டிக்கொண்டு எங்கட வீடு இருக்கிற நோர்பரியில இருந்து காலமை வெளிக்கிட்டாச்சு. கார் ஓடுறது நான்.

மோட்டர்வேயால இறங்கினதும் ரெண்டு பக்கமும் பத்தை வேலி, நடுவில ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. எதிரில ஒரு ட்ராக்டர்!

"பின்னால எடும்."

"எனக்கு ஏலாது!"

"அப்ப ட்ராக்டர்காரனிட்ட கார்த் திறப்பைக் குடுத்து எடுக்கச் சொல்லுவமோ?"

தேவாரம் சொல்லிச் சொல்லிப் பின்னால எடுத்தன்.

(பத்தை கொஞ்சம் காரைச் சுரண்டினது. இவர் கவனிக்கேல்லை.)

பாலம் வந்தது. பெரிசா ஒண்டும் இல்லை. கறுத்துப்போன மரம், பாசி பிடிச்ச ஓடு. உள்ளுக்கு இருட்டு. அந்தப் பக்கத் தொங்கலில மட்டும் சதுரமா ஒரு வெளிச்சம்.

ஏறுறதுக்கு முதல் என்ர கால் தன்ர பாட்டில சப்பாத்தைக் கழட்டிப் போட்டுது! கையும் கும்பிட்டிட்டுது!

நாயோட வந்த ஒரு வெள்ளைக்கார ஐயா நிண்டு, "உள்ளுக்கு ஈரமோ?" எண்டு இங்கிலீசில கேக்கிறார்.

இவர், "இல்லை, என்ர மனிசி கோயில் எண்டு நினைச்சிட்டா" எண்டார்.

அந்த ஐயா தன்ர தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனார்!

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சுக்கொண்டிருக்கேக்கையே அழுகையும் வந்திட்டுது. கௌரியும் இப்பிடி ஒரு வாசலிலதானே நிண்டவள். கையை நீட்டினால் அவளின்ர வயித்தைத் தொடலாம் போல இருந்தது.

இவர் என்னையே பாத்துக்கொண்டு நிண்டார்.

"நீர் ஆறுதலாச் சப்பாத்தைப் போடும். நான் முன்னால போறன்."

"நில்லுங்கோ, கையைப் பிடிக்கிறன்!"

"வேண்டாம்."

இந்தச் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு இவர் வெளியில தனிய நடந்ததே இல்லை. என்ர கை இவற்ற முழங்கையிலதான் இருக்கும்.

பலகையில காலடி கேக்குது. ஆள் தெரியேல்லை.

நடுவில சத்தம் நிண்டுது.

ஒரு சப்பாத்து காலில, மற்றது கையில. அப்பிடியே உள்ளுக்கு எட்டிப் பாக்கிறன்.

பிறகு திரும்பவும் டக்... டக்... டக்...

அந்தப் பக்க வெளிச்சத்தில போய் நிண்டார். மரத்தைப் பிடிச்சு மூச்சு வாங்கிக்கொண்டு கத்துறார்:

"இஞ்சேரும்! பாத்தீரோ? விழேல்லை! பிள்ளையிட்டப் போம்! பிளேன் ரிக்கெற்றைப் போடும்!"

(கூரைக்குள்ளால கத்தினபடியால் எனக்கு ரெண்டு தரம் கேட்டது. இனி மாத்திக் கதைக்க ஏலாது!)

திரும்பி வரேக்கை கார் முழுக்கச் சண்டை.

"சமைக்கிறது ஆர்?"

"முட்டை பொரிப்பன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"நீர் வருமட்டும்."

கௌரிக்கு இன்னும் சொல்லேல்லை. அவள் பேஸ்புக்கில இல்லை, ஆரும் சொல்லிப்போடாதேங்கோ. முதல் இஞ்ச ஒரு ஒழுங்கு செய்ய வேணும்.

அதால நோர்பரி, தோர்ண்டன் ஹீத் பக்கம் இருக்கிற சொந்தங்களே, சிறுநீரக வருத்தக்காரருக்குச் சமைக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருக்கிறியளோ?

இவரால ஒரு கரைச்சலும் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் கூட!