திரையில் வராத பெயர்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், காரைக்கால் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கணினி மையத்தில் நடந்தது இது. மனைவி காலமாகிவிட்டாள், மகன் குடும்பத்தோடு வெளிநாட்டில். கோவில்பத்து வீட்டில் மாலைப் பொழுதைத் தள்ளுவதே எனக்குப் பெரும்பாடு. அதனால் புரோகிராமிங் அடிப்படை வகுப்பில் சேர்ந்தேன். பாடம் மண்டையில் ஏறியது குறைவுதான். ஆனால் அங்கே சுற்றிலும் மனிதக் குரல் கேட்கும்.

அன்று 'அணி' (array) பாடம். ஒரே பெயரின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு தகவல். முதல் அறையின் எண் பூஜ்யம் என்றார் ஆசிரியை. எனக்கு ஒப்பவில்லை. ஏறும் படியைக்கூட எண்ணுகிறவன் நான். நெடுங்காட்டில் எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்னாமல் 'லாபம்' என்போம், அடுத்தது ரெண்டு. பூஜ்யத்தில் தொடங்கி யாரும் அளந்து பார்த்ததில்லை.

"வீட்டுல இருக்கறவங்க பேரையெல்லாம் அணியில போட்டு, ஒவ்வொண்ணா திரையில வர வைங்க" என்றார் ஆசிரியை.

வீட்டில் இருப்பது நான்தான். என் பெயரை மட்டும் போட்டேன். ஒன்றிலிருந்து எண்ணும்படி எழுதி ஓட்டினேன். எதுவும் வரவில்லை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. மறுபடி ஓட்டினேன், அதே வெறும் கறுப்புத் திரை. மற்றவர்கள் திரையில் அப்பா, அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, நாளை முதல் வருவதில்லை என்று முடிவுசெய்து கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தேன்.

பக்கத்து இருக்கையில், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடும் இடத்தில் வேலை பார்க்கும் பெண். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"என்ன சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?"

"மிஷின் கெட்டுப்போச்சும்மா."

எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொன்னா, பூஜ்யத்துல இருக்கறவர விட்டுடும். இப்பத்தான் என் திரையிலேர்ந்தும் எங்க வீட்டுக்காரரு இப்படிக் காணாமப் போனாரு. போகட்டும்னு பாத்தேன், டீச்சர் விடல!"

பிறகுதான் என் அணியைப் பார்த்தார்.

"வேற யாரும் இல்லியா சார்?"

"இல்லம்மா."

அவர் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. "ஒண்ண அழிச்சுட்டு பூஜ்யம் போடுங்க" என்றார். போட்டேன். என் பெயர் வந்தது. அதை அவர் 'சார்' சேர்த்து உரக்கப் படித்தார். ஒரு குரல் என் பெயரைச் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நாளைக்கும் இதே எடத்துக்கு வந்துருங்க. இல்லன்னா காலேஜ் பசங்க பைய வச்சுப் புடிச்சுடுவானுங்க."

மறுநாள் போனேன், வகுப்பு முடியும்வரை போனேன். பிறகு அவரைப் பார்க்கவில்லை. வீடும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு காலி வீடு இல்லை என்று இன்று என்னால் சொல்லிக்கொள்ள முடிகிறதென்றால், அது அன்று அவர் என் பெயரை வாய்விட்டுப் படித்ததால்தான்.