அணில் காட்டிய மூன்று விரல்

அவனுக்கு அணில் என்று பேர் வைத்ததே அவன் அக்காதான். ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை. அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள். அவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தரையும் வலை கிழிந்த ஒரு கூடையும் இருந்தன. அம்மா போன பிறகு அவன் வளர்ந்ததெல்லாம் அந்தக் கூடைக்குக் கீழேதான். அங்கிருந்து பள்ளி அணி, அப்புறம் ஊர் அணி, கடைசியில் சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்து ஆட வைக்கும் பெரிய அணி என்று மளமளவென்று ஏறிவிட்டான்.

அங்கே இருந்தவர்களெல்லாம் வாசலில் குனிந்து நுழைகிற ஆட்கள். இவன் அவர்கள் தோளுக்குக் கீழே நிற்பான். இருந்தாலும் பந்து வருவது இவன் கைக்குத்தான், ஏனென்றால் இவன் கார்டு, ஆட்டத்தை நடத்துகிறவன். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, விரலை உயர்த்தி, எந்த ஆட்டம் என்று காட்டுவான். ஒரு விரலுக்கு ஒரு ஓட்டம், மூன்று விரலுக்கு வேறு ஓட்டம். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பறப்பார்கள். காலைவிட அவன் தலைக்குத்தான் அங்கே வேலை.

இப்போது கேளுங்கள் இந்தக் கூத்தை. சீசன் தொடங்கும் முன் அணி டாக்டரம்மா ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஞாபகப் பரீட்சை வைப்பார். சில சொற்களைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைத்து, குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஆட்டம் கிடையாது. பெஞ்சுதான். அதற்கு நம்ம ஆட்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? முதல் பரீட்சையிலேயே வேண்டுமென்று உளறிவைப்பது! அப்புறம் அடிபட்டாலும் குறைந்தது தெரியாதே. அணிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாதிக்கு மேல் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டு வந்தான். என்ன புத்தியோ, போங்கள்.

பாதி சீசனில் எதிரணித் தடியன் ஒருவனின் முழங்கை அவன் காதோரம் இறங்கியது. விழுந்தான், எழுந்தான், கையை ஆட்டிக் காட்டினான். மறுநாள் டாக்டரம்மா பரீட்சை வைத்தார். இந்தத் தடவை அணில் விளையாட்டாக உளறவில்லை. நெற்றி வேர்க்க வேர்க்க யோசித்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினான்.

"அட, அப்படியே இருக்கேப்பா! முன்னாடி என்ன சொன்னியோ அதே அளவு. ஒரு குறையும் இல்ல. போய் ஆடு" என்றார் டாக்டரம்மா சந்தோஷமாக.

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நடித்தான். இன்றைக்கு உயிரைக் கொடுத்துத் தேடியும் அதே அளவுதான் வந்தது. இது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலாமென்று வாயெடுத்தான். ஒப்பந்தம் முடிகிற வருஷம், வெளியே போனால் இவ்வளவு குள்ளனை வேறு எவன் எடுப்பான்? வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு பயம் கூடவே குடியிருந்தது. விளக்கைப் பார்த்தால் கண் கூசியது. ஒருநாள் மாடிப்படி ஏறி, யார் வீட்டுக் கதவிலோ சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு மேல் மாடியிலிருந்து அக்கா ஓடிவந்தாள்.

"டேய், நம்ம வீடு மேலடா! என்னடா ஆச்சு உனக்கு?"

"ஏதோ யோசனைக்கா."

"உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. எனக்குக் கண்ணு லேசா இருட்டினாலே நான் வண்டிய ஓரங்கட்டிடுவேன். நீ எதையோ மறைக்கிற."

"உன் பஸ்ஸும் என் ஆட்டமும் ஒண்ணா? சும்மா இருக்கா!" என்று எரிந்து விழுந்தான். அவள் சாவியை உருவிக்கொண்டு படியேறினாள்.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்துக் கொடுத்தால் ஒப்பந்தம் உறுதி என்று கோச் தோளைத் தட்டியிருந்தார். அன்று காலை எரிந்து விழுந்ததற்குச் சமாதானமாக அக்கா கையில் ஒரு டிக்கெட்டை வைத்தான். "முன் வரிசைக்கா, லீவு போட்டுட்டு வா" என்றான். அவள் சீருடையைக்கூட மாட்டாமல் அப்போதே லீவு சொல்லிவிட்டாள்.

ஆட்டம் முடியும் நேரம். அரங்கமே கத்துகிறது. பந்தைத் தட்டிக்கொண்டு வந்த அணில் மூன்று விரலைத் தூக்கினான். நாலு பேரும் நாலு பக்கம் பறந்தார்கள். அவன் மட்டும் நின்றான். மூன்று என்றால் என்ன? யார் எங்கே வருவான்? ஒன்றும் வரவில்லை, மண்டைக்குள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எதிரே அந்தப் பழைய தடியன் முழங்கையை விரித்துக்கொண்டு வந்தான். இன்னொரு அடி பட்டால் இருக்கிற ஞாபகமும் போய்விடும் என்று அணில் நினைத்தான்.

பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, விசில் கத்தக் கத்த, கோட்டைத் தாண்டி பெஞ்சுக்கு நடந்தான். பந்தை டாக்டரம்மா மடியில் வைத்தான்.

"சீசனுக்கு முன்னாடி வச்ச பரீட்சையில வேணும்னே தப்பாச் சொன்னேன் டாக்டர். அடிபட்டப்புறம் சொன்னதுதான் நிஜம். பயமா இருக்கு டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பெஞ்சு நெடுக இருந்த நெட்டையர்களைத் திரும்பிப் பார்த்தார். "வேற யாரெல்லாம் இப்படிப் பண்ணீங்க?" என்றார். ஒருவனும் நிமிரவில்லை. எல்லாரும் அவரவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் தடுப்பைத் தாண்டிக் குதித்து அக்கா ஓடிவந்து அவன் முகத்தைப் பிடித்தாள். அவளைப் பார்த்ததும் அணிலுக்கு உயிர் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"அக்கா! டூட்டிக்குப் போகலியா? உன்னை யாரு உள்ள விட்டாங்க?"