சீனத்திலிருந்து வந்த இன்ஜினியர்

பாலவனத்தம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். புதிதாக வாங்கிய நூல் சுற்றும் எந்திரத்தைப் பொருத்த ஒரு சீனப் பெண் வந்தார். எந்திரம் ஒரு பன்னாட்டுக் கம்பெனியுடையது. அதன் சீனக் கிளையில் அவர் இன்ஜினியர். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்பதால் மூன்று வாரமும் அவருடன் இருக்கச் சொன்னார்கள்.

ஓடத் தொடங்கிய மறுநாளே நூல் அறுந்து அறுந்து எந்திரம் நின்றது.

"இந்தப் பிள்ளைகளுக்கு மிஷினப் பாக்கத் தெரியல" என்று மேனேஜர் தொழிலாளிப் பெண்களைத் திட்டினார்.

தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தேன். இன்ஜினியர் ஒரு ஷிஃப்ட் முழுக்க எந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு மேனேஜரிடம் போய், "இவர்கள் மேல் தப்பில்லை. உங்கள் நூலுக்கு நான் வைத்த வேகம் அதிகம்" என்றார். கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையிலும் அப்படியே எழுதினார். மேலே இருப்பவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கு அழைத்துப் போனேன். அம்மா காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் விறுவிறுவென்று செடிக்குள் இறங்கி, இலைத்தூசி ஒட்டாமல் இரண்டு கையாலும் எடுக்க ஆரம்பித்தார்.

"ஏத்தா, இவுக கை பழகுன கையால்ல இருக்கு!" என்றாள் அம்மா.

"என் பெற்றோரும் பருத்தி விவசாயிகள்தான்" என்றார் அவர். "இந்தக் கம்பெனி எங்கள் பக்கம் தொழிற்சாலை திறந்தபோது சேர்ந்தேன். கூடச் சேர்ந்தவர்களும் கிராமத்துப் பிள்ளைகள்தான். இன்று எங்களுக்கு நகரத்தில் வீடு, கார், குழந்தைகளுக்குப் பியானோ வகுப்பு. அப்பா மட்டும் பன்னிரண்டாவது மாடி பால்கனியில் மிளகாய் வளர்க்கிறார்."

"புள்ளைய விட்டுட்டா இம்புட்டுத் தூரம் வந்தாக?"

மொழிபெயர்த்தேன். அவர் கை ஒரு நிமிடம் நின்றது. "ஆமாம் என்று சொல்" என்றார்.

கிளம்பும் நாளில், கம்பெனியின் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்.

"நான் டிப்ளமோதான்."

"நானும் டிப்ளமோதான்."

முதல் நேர்காணலில் ஆங்கிலத்தில் திக்கித் தோற்றேன். அதன்பின் ஐந்து மாதம், வாரம் ஒருமுறை, தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரே போனில் கூப்பிட்டு என்னைப் பேசவைத்தார். இரண்டாம் முறை வேலை கிடைத்தது.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏற்றிவிட வந்த அம்மா, "மாசம் ஒருக்கா வந்துருவேல்ல?" என்று கேட்டாள்.

"வாரேம்மா" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காரச் சொன்னாள்.