ஃபில்டர் காய்ந்த அரைமணி நேரம்

என்னிடம் ஒரு டர்ட் பைக் இருக்கிறது. மண்பாதைக்கும் மேடுபள்ளத்துக்கும் என்றே செய்த உயரமான வண்டி. கோவிலூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர். காரைக்குடி மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவனுக்கு எதற்கு இந்த வண்டி என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. என் மனைவி மட்டும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு காளை, எனக்கு ஒரு வண்டி என்று காலம் போய்க்கொண்டிருந்தது.

செம்மண்ணில் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் எல்லாம். சீட்டுக்கு அடியில், எண்ணெயில் ஊறிய ஒரு ஸ்பாஞ்சு. தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினுக்குள் போகாது. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் முறுக்காமல் அமுக்கி எடுத்து, நிழலில் காயவைத்து, திரும்ப எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். நான் பெட்ரோலில் அலசுவேன். சீக்கிரம் காய்ந்துவிடும். அப்படிச் செய்தால் ஸ்பாஞ்சை இணைக்கிற ஒட்டுவாயில் பசை விட்டுப்போகும் என்று மெக்கானிக் பலமுறை சொன்னார். விட்டுத்தான் போயிருந்தது.

புது ஃபில்டர் மார்கழியில் வந்து சேர்ந்தது. அன்றைக்கே மாட்டிவிடச் சொன்னாள் மனைவி. மார்கழியில் புதுசு எதையும் தொடக்கூடாது என்பது என் பிடிவாதம். வண்டிக்குமா மாசம் பார்ப்பார்கள் என்று சிரித்தாள். தை பிறக்கட்டும் என்று பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

காளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்றிலிருந்து அவள் வளர்த்தது. அதற்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்த பிறகுதான் எனக்குக் காப்பி வரும். அவள் குரலுக்கு மட்டும் காதை ஆட்டும். நான் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு மாட்டின் மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அந்தப் பொங்கலுக்கு இரண்டு ஊர் தள்ளி நடந்த மஞ்சுவிரட்டுக்குக் காளையைக் கொண்டுபோனோம். எங்கள் பக்கம் பொட்டலில் அவிழ்த்துவிடுவார்கள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வயலிலும் கண்மாயிலும் ஓடிவிட்டு, இருட்டுவதற்குள் தானாகவே வீடு வந்துவிடும். அந்த வருஷம் வரவில்லை. வாசல் கேட்டைத் திறந்தே வைத்திருந்தாள். தொட்டியில் ஊறிய பருத்திக்கொட்டை மறுநாள் காலையில் புளித்துக் கிடந்தது.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு வெட்டுக்கிளியை எடுத்தேன். கார் நுழையாத இடத்திலெல்லாம் நுழைவேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தை பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தும் பழைய ஃபில்டரோடுதான் போனேன். அவசரத்தில் பீரோ ஞாபகமே வரவில்லை.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் போன் நம்பரைக் கொடுத்து வைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம், மழை பெய்யாமல் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் வண்டி இருமி இருமி நின்றது. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பாஞ்சு செங்கல் மாதிரி இருந்தது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து அலசினேன். துண்டில் வைத்து அமுக்கினேன். ஒட்டுவாய் இன்னும் ஒரு விரல் நீளம் பிரிந்தது. அதையும் துண்டையும் சீமைக் கருவேலக் கிளையில் தொங்கவிட்டு, காயட்டும் என்று உட்கார்ந்தேன்.

காற்றுகூட இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கருவேலங் காட்டுக்கு உள்ளே எங்கோ ஒரு மாடு கத்தியது. அடித்தொண்டையிலிருந்து வந்த குரல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவை.

மேய்கிற மாடாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வருகிறேன். நம்முடையதோ என்று ஒரு கணம் மனதில் பட்டது. எழுந்துகூட நின்றேன். ஆனால் வண்டியில் ஃபில்டர் உட்காரும் இடம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. விட்டுவிட்டுப் போனால் எஞ்சினுக்குள் மண் போய்விடும். முள்ளுக்குள் யார் நுழைவது என்றும் இருந்தது. முதலில் வண்டியைக் கிளப்புவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்பாஞ்சு காய்ந்தது. மாட்டினேன். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்ப நின்றுவிடுமோ என்ற பயத்தில் நேரே வீட்டுக்கு ஓட்டிவந்து, காட்டுக்குள் தனியாளாக ரிப்பேர் பார்த்த கதையை மனைவியிடம் அளந்தேன்.

மறுநாள் காலை ஆடு மேய்ப்பவர் ஒருவர் போன் செய்தார். கண்மாயை ஒட்டிய கருவேலங் காட்டில், சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணற்றுக்குள் காளை செத்துக் கிடந்தது. முன்னங்கால் இரண்டும் ஒடிந்திருந்தன. முந்தின நாள் பொழுது சாயும்வரை கத்திக்கொண்டிருந்தது, யாரோ பக்கத்தில் மாடு கட்டியிருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன் என்றார். அவர் அழுதார். நான் அழவில்லை.

கிணற்றுக்குப் போகிற வழியில் என் துண்டு கருவேலங் கிளையில் அப்படியே தொங்கியது. நான் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். அதை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அங்கிருந்து கிணறு முந்நூறு அடி இருக்கும்.

மாலை போட்டு, ஊர் கூடிப் புதைத்தோம். இரண்டு நாள் கழித்து பீரோவைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். தை பிறந்துவிட்டதே, மாட்டுங்கள் என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சீட்டைக் கழற்ற, போல்ட்டுகளை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். புது ஸ்பாஞ்சில் எண்ணெய் தடவினேன். விளிம்பில் கிரீஸ் பூசினேன். உள்ளே வைத்து அமுக்கும்போது கேட்டாள்.

"சாமிதேன் அந்த எடத்துல வண்டிய நிப்பாட்டிருக்கு. அம்புட்டு நேரம் அங்குட்டுத்தான இருந்தீக. ஒரு சத்தங்கூடக் கேக்கலையா?"

"கேக்கல" என்றேன்.

அவள் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள்.