வெளியே எடுத்தால் எரியும் பல்ப்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம், பொழுது மங்கும் நேரத்தில், நாலந்தா சந்திக்குச் சற்று முன்னால் ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரர் என் காரைக் கைகாட்டி நிறுத்தினார். பூஜைக்குக் கட்டிய மாலை முன்பக்கத்தில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. லைசன்ஸ், காப்புறுதி, வரிப்பத்திரம், புகைச் சான்றிதழ் என்று அவர் கேட்கும் முன்பே, கேட்கும் வரிசையிலேயே எடுத்து நீட்டினேன். பிரதேச செயலகத்தில் வாகன வரிப்பத்திரப் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவன் நான். ஒரு தாள் குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பியவன். என்னிடம் தாள் குறையுமா?

அவர் ஒன்றையும் கையில் வாங்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "மாத்தயா, நம்பர் பிளேட் லைட் எரியவில்லையே" என்று சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னார். இன்றைக்கு எச்சரிக்கையோடு விடுவதாகவும், மறுபடி கண்டால் ஓரங்கட்டி வழக்கு எழுதுவதாகவும் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் விட்டு அதற்கடுத்த நாள் கண்டியில் அவளுக்குக் கண்புரை ஆப்பரேஷன். விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, இதே சந்தியைத் தாண்டிப் போக வேண்டும். கலேவெலயில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள், அப்பா இனி ஓட்ட வேண்டாம், காரை விற்றுவிடலாம், அம்மாவுக்கு வேன் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு மாதமாகப் போனில் ஓதிக்கொண்டிருந்தாள். அதுவரை மனைவி நடுநிலை வகித்தாள். அன்றோடு அது முடிந்தது.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த லைட்டு எரியணுங்க. இல்லாட்டி மக கிட்ட வேனுக்குச் சொல்லிருவேன். ஆப்பரேசனுக்குப் போற நேரத்துல நீங்க ரோட்டோரமா நின்னு பொலிஸ்காரங்ககிட்ட சட்டம் பேசுவீங்க, நான் உள்ள குந்திக்கிட்டு இருக்கணுமா?"

வேன் வந்தால் கார் போய்விடும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளை நான்தான் கூட்டிப் போவேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

காலையில் உதிரிப்பாகக் கடைக்கார நானா, "சேர், கராஜ் பாஸ்கிட்ட விட்டா அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அஞ்சு நிமிஷ வேலைக்கு இன்னொருவர் எதற்கு என்று இரண்டு பல்ப் வாங்கிக்கொண்டு வந்தேன். காரோடு வந்த கைந்நூல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் உள்ளபடி டிக்கியைத் திறந்து, உள்பக்கத்து மூடியைக் கழற்றி, பல்ப் மாட்டிய பிடியை இடப்பக்கம் திருகி வெளியே இழுத்தேன். பழைய பல்ப் கொஞ்சம் கறுத்திருந்தது. விசாரணையே வைக்காமல் அதைப் பதவி நீக்கம் செய்தேன். புதியதை விரல் படாமல் துணியால் பிடித்துச் செருகி, சுவிட்சைப் போட்டேன். பிரமாதமாக எரிந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படியே. இரண்டையும் இடத்தில் வைத்துத் திருகி, டிக்கியைச் சாத்தி, பின்னால் வந்து பார்த்தேன். கொட்டகை இருட்டில் நம்பர் பிளேட் கரிக்கட்டையாகக் கிடந்தது.

மறுபடி வெளியே எடுத்தேன், எரிந்தது. உள்ளே வைத்தேன், இருட்டு. வெளியே இருக்கும்போது பிரகாசித்துவிட்டு, இடத்தில் உட்கார்ந்ததும் மங்கிப்போகும் உத்தியோகத்தர்களைப் பார்த்திருக்கிறேன். பல்பை அப்படிப் பார்த்ததில்லை.

பியூஸ் மாற்றினேன். வயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். பெட்டரியைக் கழற்றி மாட்டினேன். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பாவா? காலையிலேருந்து டிக்கிக்குள்ளதான் குடியிருக்காரு" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேன்காரன் நம்பரை எதுக்கும் அனுப்பி வை" என்றாள்.

அதற்குப் பிறகு விடுவதா? கைந்நூலை மூடி வைத்தேன். ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் தலையைக் கொடுத்தேன்.

"ஐயையோ, விழுந்துட்டீங்களா?"

"விழல. படுத்திருக்கேன்."

"இந்த வயசுலயா?"

மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் பிளேட்டுக்கு மேலே, கீழ்நோக்கிய இரண்டு சின்னக் கண்ணாடிகள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். இரண்டிலும் சந்தனம் அடை அடையாகக் காய்ந்து, நடுவில் குங்குமம். வைத்தவன் நான். ஆயுத பூஜையன்று வண்டியின் எந்த விளக்கும் விடுபடக் கூடாது என்பது என் நடைமுறை. பெரிய விளக்கில் அது பொட்டு. இந்தச் சின்னதில் அது கண்கட்டு. மழையும் படாத, வெயிலும் படாத இடம். வருடா வருடம் பழையதன் மேல் புதியதைப் பக்தியோடு அப்பியிருக்கிறேன்.

ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, நகத்தால் சுரண்டினேன். ஒரு பொருக்கு கழன்றதும் வெளிச்சம் நேராக என் முகத்தில் அடித்தது. பதவி நீக்கிய பழைய பல்பையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் எரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்குக் கண்ணு மங்குதுன்னு சொன்னப்பவும் நீங்க குசினி பல்பைத்தானே மாத்துனீங்க?"

மாற்றினேன்தான். சமையலறையில் ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடப் பெரிய பல்ப்.

அவள் வேனுக்குச் சொல்லவில்லை. விடியும் முன் கிளம்பினோம். சந்தியில் பொலிஸ்காரர் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வீடு திரும்பக் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. லைட்டைப் போட்டுவிட்டு, பின்னால் போய் எரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். நம்பரை ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தாள். பிறகு அதே குரலில் கேட்டாள்:

"ஏங்க, பம்பர்ல இவ்வளவு பெரிய கீறல் இருக்கே, இது எப்ப வந்திச்சு?"

அந்தக் கீறலுக்கு அப்போதே ஒன்றரை வயது. அதுவரை அவள் பார்வையில் படவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. யாராவது இருட்டாக இருக்கிறது என்று சொன்னால், பல்ப் வாங்கக் கிளம்பும் முன், சொன்னவர் இருக்கும் பக்கம் போய் ஒரு தடவை குனிந்து பார்க்கிறேன்.